இருநூற்றுப் பதினைந்தாவது பாட்டு

அத்தியாயம் 19

ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று யாராவது போட்டி வைத்தால், நம் ஸ்டோர்காரரும் அவருடைய மூத்த மகளும் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்தச் சனிக்கிழமையோடு பதினோரு நாள் ஆகிறது.

காரணம் உங்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூத்தவள் ரத்தப் பரிசோதனை லேபில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க அணுக்களை எண்ணுகிறவள். கண்ணுக்கும் கைக்கும்தான் அங்கே வேலை, காது சும்மா இருக்கிறது. அந்தக் காதில் நாலு வருஷமாக ஜப்பான் ராக் பாட்டு. அதனால் வீட்டில் அவளுக்கு ஹெட்போன் என்று பெயர். பெயர் வைத்தவள் தங்கை வாயாடி. சூப்பர்வைசர் பதவி தருகிறோம், ஆனால் சனிக்கிழமையும் முழு நாள் வரவேண்டும் என்று லேபில் சொன்னார்கள். சனிக்கிழமை முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

சனிக்கிழமையில் அப்படி என்ன இருக்கிறது? நகரத்து வானொலியில் மாலை நாலு மணிக்கு ஒரு மணி நேரம் காலியாகிறது. ஜப்பானில் இப்போதுதான் முளைத்து வரும் சின்னச் சின்ன ராக் குழுக்களின் புதுப் பாட்டுகளை மட்டும் அதில் போடவேண்டும் என்பது ஹெட்போனின் பிடிவாதம். நடையாய் நடந்து ஒரு வெள்ளோட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியிருக்கிறாள். அந்த வெள்ளோட்டம் இன்றைக்கு.

வாயாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்மசி படிப்பைப் பாதியில் விட்டதற்காக ஏழு மாதத்துக்கு முன் அப்பாவோடு பெரிய சண்டை. போறதுன்னா போ என்றார் அவர். போய்விட்டாள். அதிலிருந்து அவள் பேச்சை எடுத்தாலே அப்பா பக்கத்து அறைக்குப் போய்விடுவார். ஆக, இந்த வீட்டில் இப்போது தடையில்லாமல் சத்தம் போடுவது அம்மாவின் தையல் மெஷின் ஒன்றுதான்.

காலை எட்டு மணி. ஹெட்போன் குளித்து, தலையைத் துவட்டியபடியே வந்து கம்ப்யூட்டரில் தன் ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினாள். டிஸ்க் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. ஆனால் அதற்கு ஒரு துணி உறை வந்திருந்தது. மேலே ஒட்டியிருந்த பழைய பசையெல்லாம் யாரோ துடைத்துச் சுத்தமாக்கி இருந்தார்கள். அம்மாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அதற்குள் பாட்டுகள் இருக்கும் பெட்டியை, அதாவது ஃபோல்டரை, திறந்தாள்.

துவட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

ஒரு பாட்டுக்கும் பெயர் இல்லை. குழுவின் பெயர், பாட்டின் ஜப்பானியத் தலைப்பு, அதற்குப் பக்கத்தில் அவளே தமிழில் வைத்திருந்த செல்லப் பெயர், எல்லாம் போயிருந்தன. அந்த இடத்தில் வெறும் எண்கள். 2.05, 2.11 என்று தொடங்கி 6.48 வரைக்கும் மேலிருந்து கீழாக வரிசை பிசகாமல் நின்றன.

"யாரு இதைத் தொட்டது?"

மெஷின் நின்றது. அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா பேப்பரை இறக்கவில்லை.

"நான்தான்னு சொல்லு," என்றார் அம்மாவிடம்.

மீதியை அம்மா வழியாகத்தான் தவணை தவணையாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஸ்டோர்காரர் முப்பத்து மூன்று வருஷம் வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். கலைந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். மகளுடைய பெட்டியில் பாட்டுகள் கால் எது தலை எது என்று தெரியாமல் கிடந்தன. எழுத்தும் படிக்கிற எழுத்தாக இல்லை. கிடங்கில் இதற்கு ஒரு முறை உண்டு. வெளிநாட்டுப் போல்ட்டு லேபிள் கிழிந்து வந்தால், அல்லது லேபிளைப் படிக்கத் தெரியவில்லை என்றால், நீளத்தை அளந்து அடுக்கிவிடவேண்டும். அவரும் அளந்தார். மூன்று நாள், மகள் லேபுக்குப் போயிருந்த நேரத்தில், ஒற்றை விரலால் ஒவ்வொன்றாக அடித்து, எல்லாப் பாட்டுக்கும் நீளத்தைப் பெயராக வைத்துவிட்டார்.

"தேடுறதுக்குச் சுலபமா இருக்கும்னு நெனச்சேன்னு சொல்லு," என்று முடித்தார்.

ஹெட்போனுக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தவள், அந்தத் துணி உறையைப் பார்த்தாள். ஓரத்தில் கோணலாக ஒரு தையல். அம்மா தைத்தால் அப்படிக் கோணாது. மன்னிப்பு என்ற வார்த்தை இந்த மனிதர் வாயில் இதுவரை வந்ததில்லை, இனிமேலும் வராது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அடுக்கிக் கொடுப்பதுதான். பதினோரு நாள் கோபத்துக்கு அவர் கட்டிய முடிவு இது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு எப்படிக் கத்துவது? அதனால்தான் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுபடி பழைய பெயருக்குத் திருப்ப முடியுமா என்று தெரிந்த வித்தையெல்லாம் செய்து பார்த்தாள். முடியவில்லை.

பெயர் போனால் என்ன, போட்டுக் கேட்டால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதைத்தான் கேட்டாள். எந்தக் குழு என்று கேட்டதும் சொல்லிவிடுவாள் நம் ஹெட்போன், சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. பன்னிரண்டு குழுக்கள் அவளுக்கு எழுத்தில் அனுமதி தந்திருந்தன. ஒவ்வொரு குழுவும் மூன்று நான்கு பாட்டு அனுப்பி, அதில் ஒன்றே ஒன்றைத்தான் ஒலிபரப்பலாம், மற்றவை எங்கள் முதல் ஆல்பத்தில் வரப்போகின்றன, தயவுசெய்து வெளியே விடவேண்டாம் என்று கேட்டிருந்தது. அனுமதிக் கடிதத்திலும் அவள் நோட்டிலும் ஜப்பானியத் தலைப்பு இருக்கிறது. அவள் காதில் மெட்டு இருக்கிறது. எந்தத் தலைப்பு எந்த மெட்டுக்கு என்பது அந்தப் பெட்டியில் இருந்த பெயரில் மட்டும்தான் இருந்தது. இன்னும் வெளிவராத பாட்டுகள் என்பதால் தேடினாலும் எங்கேயும் கிடைக்காது. அவர்கள் அனுப்பிய இணைப்புகள் ஏழே நாளில் செத்துப்போகிறவை, எல்லாம் எப்போதோ செத்துப்போயின.

நிலையத்தில் பட்டியல் கொடுக்க வேண்டிய நேரம் மதியம் ஒரு மணி.

அவள் முதலில் பன்னிரண்டு குழுக்களுக்கும் நிலைமையைச் சொல்லி மெயில் அனுப்பினாள். பிறகு வானொலி நிலையத் தலைவியைக் கூப்பிட்டாள். அந்த அம்மாள் கறார் பேர்வழி, ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு மணிக்கு மேல் ஒரு நிமிஷம்கூடத் தர முடியாது, பட்டியல் வராவிட்டால் பழைய நிகழ்ச்சி ஒன்றை மறுபடி ஓட்டிவிடுவோம், இரண்டாவது வெள்ளோட்டம் என்ற பேச்சே இல்லை என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு ஒரு வழியும் சொன்னார். அந்தக் குழுவோட பாட்டு ஏதோ ஒண்ணைப் போட்டுட்டுப் போம்மா, இங்க உட்கார்ந்து கேக்கிற யாருக்குத் தெரியப்போகுது?

"அவங்களுக்குத் தெரியும் மேடம்," என்றாள் ஹெட்போன். "ஒரு மணிக்குள்ள சரியான பன்னிரண்டையும் கொண்டு வரேன்."

போனை வைத்துவிட்டு, கடிதங்களை அச்செடுத்தாள். அம்மாவின் வெட்டு மேஜையில் இருந்த பேண்ட் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பன்னிரண்டையும் பரப்பினாள். தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள். அவள் அப்படி முடிந்துகொண்டால் யார் சொன்னாலும் கேட்கமாட்டாள் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவள் பாட்டு தேடுகிற விதமே அப்படித்தான். பெரிய பெயர்கள் பக்கம் போகமாட்டாள். ஜப்பானில் ஏதோ ஒரு தெருவில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அரங்கில் நடக்கும் கச்சேரியின் போஸ்டரைப் பிடிப்பாள். அதில் கடைசி வரியில், பொடி எழுத்தில் இருக்கும் பெயர்தான் அவளுக்கு முதல் வரி. அந்தக் குழுவின் டிரம்மர் வேறு எந்தக் குழுவுக்கு வாசிக்கிறான் என்று பார்ப்பாள். அங்கேயிருந்து இன்னொரு பெயர். நூறு பேர்கூடக் கேட்டிராத ஒரு பாட்டில் போய் நிற்பாள். பிறகு அதை மூன்று தடவை கேட்பாள். முதல் தடவை மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துக்கொண்டு. இரண்டாம் தடவை பஸ்ஸில். மூன்றாம் தடவை இந்த அறையில், ஸ்பீக்கரில், அம்மாவின் மெஷின் ஓடும்போது. தையல் மெஷினை மீறி ஒரு பாட்டு காதில் நின்றால்தான் அது அவளுடைய நோட்டில் ஏறும்.

தகர டப்பா உருளுது என்று வாயாடி சொல்வாள். கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவாள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

பத்து மணி வரைக்கும் ஒன்றும் நகரவில்லை. இரண்டு குழுக்கள் மட்டும் பதில் போட்டன. ஒன்று, எங்களுக்குப் புரியவில்லை என்றது. இன்னொன்று, நாங்கள் இப்போது வேனில் போய்க்கொண்டிருக்கிறோம், நாளைக்குச் சொல்கிறோம் என்றது.

அப்பா எப்போது எழுந்து வந்தார் என்று தெரியாது. வெட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கடிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சி பூச்சியாக ஓடுகிற எழுத்துகளுக்கு நடுவில் அவர் விரல் ஓர் இடத்தில் போய் நின்றது.

"இது என்னன்னு கேளு," என்றார் அம்மாவிடம்.

"நீங்களே கேளுங்க," என்றாள் அம்மா. "எனக்கு ஊசியில நூல் கோக்கணும். பதினோரு நாளா உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி வேலை பார்த்து எனக்குத் தொண்டை வத்திப்போச்சு."

அம்மா நூல் முனையை வாயில் வைத்து ஈரமாக்கினாள், யாரையும் பார்க்கவில்லை.

"நாலு பதினொண்ணு," என்றார் அப்பா, கடிதத்தைப் பார்த்தபடி. "இதுல நாலு பதினொண்ணுன்னு போட்டிருக்கு."

ஹெட்போன் எட்டிப் பார்த்தாள். தலைப்புக்குப் பக்கத்தில், அடைப்புக்குள், 4:11. பாட்டின் நீளம். அனுமதி தருகிறவர்கள் தலைப்போடு நீளத்தையும் எழுதுவது வழக்கம். அத்தனை கடிதத்தையும் அத்தனை தடவை படித்தவள், தலைப்பை மட்டுமே பார்த்துப் பழகியதால் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்த எழுத்தில் ஒன்றுமே படிக்கத் தெரியாத மனிதருக்குத்தான் எண் கண்ணில் பட்டது.

பெட்டியில் 4.11 இருந்தது. ஒன்றே ஒன்று. அவள் அதைப் போட்டாள். கிட்டார் ஒன்று தடுமாறித் தடுமாறி நடந்து வந்து, திடீரென்று ஓட ஆரம்பித்தது. இரண்டு பேர் மட்டுமே இருக்கும் குழு. கடிதம் எழுதியதும் அவர்கள்தான்.

"அடுத்தது சொல்லுங்கப்பா," என்றாள்.

அவர் சொன்னார். மூணு இருபத்தெட்டு. அஞ்சு சைபர் ரெண்டு. கிடங்கில் ஒருவர் சீட்டைப் பார்த்து எண் சொல்ல, இன்னொருவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பாரே, அதே தொனி. சில நீளங்களுக்கு, பக்கத்தில் 1, 2 என்று அவர் போட்ட அடையாளத்தோடு, இரண்டு மூன்று பாட்டு இருந்தது. அங்கே அவளுடைய காது வேலை செய்தது. பத்து நொடி கேட்டாலே இது அந்தக் குழு இல்லை என்று தள்ளிவிடுவாள். தவறு செய்துவிட்டோம் என்று உள்ளுக்குள் குறுகிப்போயிருந்த மனிதர், ஆறாவது கடிதத்துக்கு வந்தபோது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஒரு விஷயம் மட்டும் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"உன் நோட்டுல மொத்தம் இருநூத்திப் பதினாலுன்னு எழுதியிருக்கே. பெட்டியில இருநூத்திப் பதினஞ்சு இருக்கு. ஒண்ணு அதிகம்."

"இப்ப அது முக்கியமாப்பா?"

"குறைஞ்சா பரவாயில்ல, எங்கயாவது விழுந்திருக்கும்னு சொல்லலாம். அதிகமா இருந்தா யாரோ உள்ள வந்து வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

அதை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கடிதத்தை எடுத்தாள்.

பதினொன்றரைக்குப் பதினொரு பாட்டு வந்துவிட்டது. பன்னிரண்டாவது கடிதத்தில் நீளம் இல்லை.

அது ஒரு துறைமுக நகரத்தில் இருக்கும் மூன்று பெண்களின் குழு. மூவரும் மீன் பதப்படுத்தும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசிக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்ததைத்தான் ஹெட்போன் தன் நாலு வருஷத்து உழைப்பின் பலன் என்று நினைத்தாள். நிகழ்ச்சியைக் கட்டியதே அவர்கள் பாட்டில் முடிப்பதற்காகத்தான். நான்கு பாட்டு அனுப்பியிருந்தார்கள். அனுமதி கொடுத்த பாட்டின் தலைப்புக்கு ‘ஜன்னலைத் திறந்தே வை’ என்பது போல ஏதோ அர்த்தம். நான்கில் எது என்று அவளுக்கு நினைவு வரவில்லை. மெயிலுக்குப் பதிலும் இல்லை.

பன்னிரண்டு மணி ஆயிற்று. நிலையத்துக்குப் போக அரை மணி நேரமாவது ஆகும்.

"பதினொண்ணோட நிறுத்திக்கலாமே," என்றார் அப்பா. அவர் குரலில் இரக்கம்தான் இருந்தது.

"பன்னிரண்டுன்னு சொல்லியிருக்கேன்ப்பா. இவங்க இல்லாம நான் இந்த நிகழ்ச்சியே பண்ண மாட்டேன்."

அம்மா துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள், "மழை வந்த அன்னிக்குப் போட்டியே, அதுவா?"

எந்த மழை என்றாள் மகள். அம்மாவுக்குத் தேதி தெரியாது, துணி தெரியும். நீல ஜாக்கெட் ஒன்றுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாளாம். சாரல் அடிக்கிறதே என்று எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனாளாம். அப்போது, அம்மா, இந்தப் பாட்டோட பேரே ஜன்னலைத் திறந்தே வைன்னு அர்த்தமாம், சாத்திடாதே என்று மகள் சிரித்தாளாம். சாத்தாமல் வந்து உட்கார்ந்ததில் ஜாக்கெட்டின் ஒரு கை நனைந்துபோய், கடைக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியதாயிற்றாம்.

ஹெட்போன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாட்டையெல்லாம் அம்மா கேட்கிறாள் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. தலைவலிக்குது, குறைச்சு வை என்பதைத் தவிர அம்மா எதுவும் சொன்னதில்லை.

"கேட்டா தெரியுமாம்மா?"

"போடு பாப்போம்."

முதல் பாட்டு. அம்மா உதட்டைப் பிதுக்கினாள். இரண்டாவது. இது வேகம், எனக்குத் தையல் ஓடாது என்றாள். மூன்றாவது பாட்டில் முதலில் ஒரு டிரம் மட்டும் வந்தது, அதிகம் அவசரப்படாமல். மெஷினின் மிதியடியில் அம்மாவின் கால் தானாகப் போய்ச் சேர்ந்தது. மேலே துணியும் இல்லை, நூலும் இல்லை. வெறும் மெஷின் டிரம்மோடு சேர்ந்து ஓடியது.

"இதுதான்," என்றாள் அம்மா. "இதுல முழு ஜிப்பும் ஒரே மூச்சுல முடிச்சேன்."

நீளம் மூணு நாப்பத்திரண்டு என்று அப்பா எழுதிக்கொண்டார்.

நிலையத்தில் பட்டியலைக் கொடுத்தபோது பன்னிரண்டு ஐம்பத்தாறு. கடைசிப் பாட்டுக்கு ஆதாரம் எங்கே என்று தலைவி கேட்டார். ஆதாரம் இருக்கு மேடம், எங்க அம்மா சொன்னாங்க என்று ஹெட்போன் சொன்னாள். தலைவி அவள் முகத்தைப் பார்த்தார். வேடிக்கைக்குச் சொல்வதாகத் தெரியவில்லை. அந்தக் குழுவிடமிருந்து ஒரு புகார் வந்தாலும் அந்த நிமிஷமே நிகழ்ச்சி நிற்கும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் இரண்டு பாட்டுக்கு நடுவில் அவள் குழுவின் பெயரை இரண்டு தடவை சொல்லிவிட்டாள். மூன்றாவதில் சரியாகிவிட்டது. அந்தக் குழுக்கள் எங்கே ஒத்திகை பார்க்கிறார்கள், பகலில் என்ன வேலை செய்கிறார்கள், அவள் அவர்களை எந்தப் போஸ்டரின் எந்த மூலையில் பிடித்தாள் என்பதையெல்லாம் லேபில் தோழியிடம் சொல்வது போலவே சொன்னாள். ஆனால் ஒரு கண் மட்டும் மெயிலிலேயே இருந்தது. பதினொன்றாவது பாட்டு பாதி ஓடியபோதும் துறைமுகத்துப் பெண்களிடமிருந்து ஒன்றுமில்லை. அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தால், மூன்று பேர் நம்பிக் கொடுத்த ரகசியத்தை ஊருக்கே ஒலிபரப்பின பாவம் அவளைச் சேரும். பொத்தான் மேல் விரல் இருந்தது. அம்மாவின் கால் மிதியடிக்குப் போன விதத்தை அவள் நினைத்துக்கொண்டாள். அழுத்திவிட்டாள்.

மூன்று நிமிஷம் நாற்பத்திரண்டு நொடி கரைந்துகொண்டிருந்தபோது மெயில் வந்தது. ஷிப்டில் இருந்தோம், மன்னிக்கவும். டிரம்மில் தொடங்கும் பாட்டுதான். இப்போது கம்ப்யூட்டர் வழியாக உங்கள் நிலையத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மூன்று பேரும் அழுகிறோம்.

மைக் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஹெட்போனும் அழுதாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் தலைவி சுருக்கமாகச் சொன்னார். ஒன்பது போன் வந்தது, இரண்டு பேர் திட்டினார்கள், ஏழு பேர் பாட்டின் பெயர் கேட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் நாலு மணி உன்னுடையது. ஒரே நிபந்தனை. வாராவாரம் ஒரு பாட்டாவது இதுவரை வெளியே யாருமே கேட்டிராததாக இருக்கவேண்டும்.

ஆறு மணிக்கு அவள் வீட்டுப் படியேறினாள். சூப்பர்வைசர் பதவி வேண்டவே வேண்டாம் என்று திங்கட்கிழமை லேபில் மறுபடியும் சொல்லிவிடுவது என பஸ்ஸிலேயே முடிவு செய்தாகிவிட்டது. அப்பாவிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் மிச்சம்.

அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். காதில் பஞ்சுக்குப் பதிலாக அவளுடைய பழைய ஹெட்போன்.

"எட்டாவது பாட்டு நாலு சைபர் ரெண்டு," என்றார் திரும்பாமல். "நீ நாலு சைபர் ஒண்ணுலயே பேச ஆரம்பிச்சுட்ட. ஒரு செகண்டு போச்சு."

அந்த வீட்டில் இதற்குப் பெயர் பாராட்டு. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கறேன்ப்பா என்றாள். அடுத்த வாரம் என்ற வார்த்தை அவர் காதில் விழுந்தது. சனிக்கிழமைதானே என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். சரி என்றார்.

பிறகுதான் அவர் முகத்தைக் கவனித்தாள். சரியாக இல்லை.

"அந்த அதிகப்படி ஒண்ணைத் தேடினேன். பேரு மாத்தும்போது ஒண்ணு மட்டும் அந்த எழுத்து இல்லாம வெறும் நம்பரா இருந்தது ஞாபகம். அதுக்கும் நீளத்தைப் போட்டுட்டேன். மத்தியானத்துலேருந்து ஒவ்வொண்ணா கேட்டுப் பார்த்தேன்." அப்பா காதில் மாட்டியிருந்ததன் ஒயரைப் பிடுங்கினார். "உங்க அம்மாவையும் கூப்பிடு."

அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பா 2.17 என்பதை அழுத்தினார்.

ஒரு கிட்டார். பழகாத விரல், ஆனால் எங்கே போகவேண்டும் என்று தெரிந்த விரல். அதற்குக் கீழே வேறு ஏதோ ஒன்று தாளம் போட்டது. டிரம் இல்லை. தடதடவென்று ஓடி, நின்று, மறுபடி ஓடும் ஒரு சத்தம். மூன்று பேருக்கும் அது என்ன என்று ஒரே நேரத்தில் தெரிந்தது. அம்மாவின் மெஷின். அதன் மேல் வார்த்தையில்லாமல் ஒரு பெண் குரல் மெல்லப் பாடிக்கொண்டு போனது.

சிநேகிதி பத்திரமாக வைத்திருக்கச் சொன்னாள் என்று வாயாடி ஒரு கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும். அவள் வாசிப்பாள் என்று யாருக்கும் தெரியாது. தகர டப்பா என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனவள், கதவுக்கு அந்தப் பக்கம் இத்தனை நாள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

குரல் கொஞ்சம் உயர்ந்தது. மேலே எங்கேயோ போகப்போகிற மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் பதிவுக்குள் மெஷின் நின்று, அம்மாவின் குரல் கேட்டது. சாப்பிட வரியா இல்லையாடி? கிட்டார் பட்டென்று அடங்கியது. அவ்வளவுதான்.

அம்மா அப்படியே வெட்டு மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹெட்போன் தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டாள். அப்பா நாற்காலியை விட்டு எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார். ஏழு மாதமாக அவள் தங்கைக்கு எத்தனையோ செய்தி அனுப்பியிருக்கிறாள். எப்படி இருக்கே, வீட்டுக்கு வா, அப்பாவுக்குக் கோபம் குறைஞ்சிருக்கு. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இந்தத் தடவை அவள் அப்படி எதுவும் எழுதவில்லை. ஜப்பானுக்கு அனுப்பும் கடிதத்தைத் திறந்தாள். பெயர் இருந்த இடத்தை மட்டும் மாற்றினாள்.

வணக்கம். உங்கள் பாட்டைக் கேட்டேன். எங்கள் வானொலியில் சனிக்கிழமை நாலு மணிக்கு அதை ஒலிபரப்ப விரும்புகிறேன். உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு நொடிகூடப் போடமாட்டேன். பாட்டின் பெயரை எழுதி அனுப்பவும்.

"நீளத்தையும் எழுது," என்றார் அப்பா பின்னாலிருந்து. "ரெண்டு பதினேழு."

எழுதினாள். அனுப்பினாள்.

மூன்று பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே யாரோ ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. அம்மா விளக்கைப் போட்டாள். இருபது நிமிஷம் ஆயிற்று. ஏழு மாதத்தில் வராத பதில் இருபது நிமிஷத்திலா வந்துவிடும் என்று ஹெட்போன் எழுந்திருக்கப் போனாள்.

வந்தது.

பேரு இன்னும் வைக்கல. நீளம் தப்பு. அது பாதிதான், அதுக்குள்ள அம்மா சாப்பிடக் கூப்பிட்டுட்டாங்க.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஹெட்போன் பதில் எழுத விரலை வைத்தாள். அந்த விரலை அப்பா மெதுவாக எடுத்து ஒதுக்கினார்.

"தள்ளு," என்றார்.

குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இருநூற்றுப் பதினைந்து பாட்டுக்கும் பெயர் அடித்த அதே ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். மீதி எங்கே? அடித்ததை ஒரு தடவை படித்துப் பார்த்தார். அனுப்பவில்லை. கிடங்கில் எந்தச் சீட்டையும் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே விட்டதில்லை.

கீழே ஒரு வார்த்தை சேர்த்தார். அப்பா.

பிறகு அனுப்பினார்.